கணக்கு முடிக்கும் நாள்

தீபாவளிக்கு மறுநாள் சிவகாசியில் சத்தம் இருக்காது. நாடெங்கும் வெடித்து முடித்த பிறகு, வெடி செய்து கொடுத்த ஊர் ஓய்வெடுக்கும்.

விடியும் முன்பே கிராமத்து முக்கில் வந்து நிற்கும் ஆலை வேன்கள் அன்று வருவதில்லை. தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு ஓடும் பெண்கள் அன்று ஓடுவதில்லை. போனஸ் பட்டுவாடா முடிந்துவிட்டது. ஆலைகளில் பூட்டுத் தொங்குகிறது. இனிச் சில வாரங்கள் கழித்து, நல்ல நாள் பார்த்து, பூஜை போட்டுத்தான் கதவைத் திறப்பார்கள்.

பட்டாசுத் தொழிலாளிக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம் இந்தச் சில வாரங்கள்தான். மறுபடியும் அதே ஆலைக்குப் போவதா? வேறு ஆலை பார்ப்பதா? அல்லது இதோடு நின்றுகொள்வதா?

நின்றுகொள்வது என்று முடிவு செய்தவர் முதலாளியைப் பார்க்கப் போவார். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணாச்சி, தீபாவளியோட நின்னுக்கிடுறேன்."

"ஏம்மா, யாரும் எதுவும் சொன்னாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை அண்ணாச்சி. மகனுக்கு வேலை கிடைச்சிட்டுது. இனிமே போகவேண்டாம்னு சொல்லுறான்."

"சரி தாயி. அட்வான்ஸ் எவ்வளவு நிக்குதுன்னு கணக்குப்பிள்ளைகிட்டப் பாத்துக்கோ."

மரியாதையான பேச்சுதான். இரு பக்கத்திலும் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சங்கதி இருக்கிறது. எத்தனையோ பேர் அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, பூஜை போட்ட அன்று மறுபடியும் வேனில் ஏறிவிடுகிறார்கள்.

அட்வான்ஸ் என்னும் கயிறு

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. கரிசல் பூமி, மழை குறைவு. மானாவாரி விவசாயத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் இங்கே வேர்விட்டன.

வேலைக்கு ஆள் தேவை. ஆளுக்குப் பணம் தேவை. மகளுக்குக் கல்யாணம், வீட்டுக்குக் கூரை, ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் பாங்கி மானேஜர் கொடுக்கமாட்டார். முதலாளி கொடுப்பார். அதுதான் அட்வான்ஸ். கொடுப்பவருக்கு ஆள் உறுதி. வாங்குபவருக்கு அவசரத்துக்குக் காசு. இரண்டு பேருக்கும் அது அந்த நேரத்தில் உதவியாகவே தோன்றுகிறது.

வேலையை விட நினைக்கும் நாளில்தான் அது கயிறு என்று தெரிகிறது. வேறு ஆலைக்குப் போகவேண்டுமானால் பழைய பாக்கியைப் புதிய முதலாளி கட்ட வேண்டும். அதாவது கடன் தீர்வதில்லை. கடன்காரர் மட்டும் மாறுகிறார். தொழிலையே விட்டுப் போகிறவருக்கு அந்த வழியும் இல்லை.

சட்டம் இதைப் பற்றி 50 ஆண்டுகளுக்கு முன்பே பேசிவிட்டது. 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், சங்கிலி போட்டுப் பூட்டிய அடிமையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. முன்பணம் வாங்கிய காரணத்தால் வேறு இடத்தில் வேலை பார்க்கும் சுதந்திரத்தை ஒருவர் இழந்தால், அதுவும் கொத்தடிமை முறைதான் என்கிறது. அப்படிப்பட்ட கடனே செல்லாது என்றும் சொல்கிறது.

இதற்காக, அட்வான்ஸ் வாங்கியவர் எல்லாரும் கொத்தடிமை என்றோ, கொடுத்தவர் எல்லாரும் குற்றவாளி என்றோ நினைத்துவிடக் கூடாது. நேர்மையாகக் கொடுத்த பணம் திரும்ப வரவேண்டிய பணம்தான். அதைத் தவணையில் வாங்கலாம், சம்பளத்தில் பிடிக்கலாம். ஆனால் பணத்துக்குப் பதிலாக ஆளைப் பிடித்து வைக்க முடியாது. பாக்கி இருந்தாலும் "போகிறேன்" என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. இந்த வித்தியாசம் ஆலைக்குள் இருக்கும் பல பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்வதில்லை.

இரண்டே நாள்

2025-ம் ஆண்டு நவம்பர் மாதம் 21-ந் தேதி மத்திய சர்க்காரின் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமுலுக்கு வந்தன. அவற்றைப் பற்றித் தொழிற்சங்கங்களுக்குப் பல ஆட்சேபங்கள் உண்டு. அந்த வாதம் வேறு. வேலையை விட்டுப் போகிறவரைப் பற்றி அதில் உள்ள ஒரு விதி இங்கே முக்கியம்.

1936-ம் ஆண்டின் சம்பளச் சட்டத்தில், முதலாளி வேலையை விட்டு நீக்கினால் இரண்டாவது வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. தானாக விலகியவருக்கு அந்த அவசரம் இல்லை. வழக்கமான சம்பள நாள் வரும் வரையில் அவர் காத்திருக்க வேண்டியதுதான். நீக்கப்பட்டவருக்குக் கிடைத்த மரியாதை, விலகியவருக்குக் கிடைக்கவில்லை!

புதிய தொகுப்பு இந்தப் பேதத்தை எடுத்துவிட்டது. ராஜினாமா செய்தவருக்கும் 2 வேலை நாட்களுக்குள் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும். எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்து வந்திருக்கிறது. பட்டாசு வட்டாரத்தில் இது சாதாரண விஷயம் அல்ல. காரணம், இங்கே கணக்கு முடிக்க முடியாதவர்களில் பாதிச் சிக்கல், அவர்கள் பெயரே எந்த நோட்டிலும் இல்லை என்பதுதான்.

லைசென்சு ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை வேறொருவர் உள்குத்தகைக்கு எடுத்து நடத்துவார். இது சட்டவிரோதம். ஒரு அறைக்கு 4 பேர் என்ற விதி காற்றில் போவதும், மருந்து அளவுக்கு மேல் குவிவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். விபத்து நடந்தால் யார் முதலாளி என்று தேட வேண்டியிருக்கும். விபத்து நடக்காவிட்டாலும் தொழிலாளியின் 10 வருஷ உழைப்புக்குச் சாட்சி இருக்காது.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 உயிர்கள் போயின. உதவிக்கு ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2025 ஜூலை 1-ந் தேதி சின்னக்காமன்பட்டியில் மறுபடியும் ஒரு வெடிவிபத்து. ஒவ்வொரு தடவையும் வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள்: "இன்னுமா அந்த வேலைக்குப் போகிறார்கள்?" எப்படி வெளியே வருவது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

விருதுபட்டிக்காரர்

வேலையை விடுவது என்றால் ஓடிப்போவது என்றும், நன்றிகெட்ட செயல் என்றும் நினைக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஆனால் வேலையை எப்படி விடவேண்டும் என்பதற்கு இதே ஜில்லாதான் நாட்டுக்கே உதாரணம் காட்டியது.

காமராஜர் 1903-ல் விருதுபட்டியில் பிறந்தார். அந்த ஊர்தான் பிறகு விருதுநகர் ஆயிற்று. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவரை மாமாவின் ஜவுளிக் கடையில் உட்கார வைத்தார்கள். பையன் கூட்டம், ஊர்வலம் என்று அலைகிறான் என்று திருவனந்தபுரத்துக்கு இன்னொரு மாமாவின் மரக்கடைக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. கடை வேலை கேவலம் என்று அவர் நினைத்ததாகச் சொல்ல முடியாது. அவருடைய வேலை வேறு எங்கோ இருந்தது, அங்கே போய்விட்டார்.

1941-ல் அவர் வேலூர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்ததும் அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். முழுக் கவனமும் செலுத்த முடியாத பதவியை வைத்திருப்பது சரியல்ல என்பது அவர் கருத்து. சொந்த ஊர் கொடுத்த கௌரவம். அதை வைத்துக்கொண்டு பெயருக்கு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது உலகம் அறிந்த கதை. 1954 ஏப்ரலில் முதல்-மந்திரி ஆனவர், 9 ஆண்டுகளுக்குப் பிறகு 1963 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தி அன்று, அந்த நாற்காலியை விட்டு இறங்கினார். மூத்த தலைவர்கள் மந்திரிப் பதவியை விட்டுக் கட்சி வேலைக்கு வரவேண்டும் என்று திட்டம் சொன்னவர் அவர். சொன்னவரே முதலில் விலகினார். லால்பகதூர் சாஸ்திரி, மொரார்ஜி தேசாய், ஜகஜீவன்ராம் உள்ளிட்ட 6 மத்திய மந்திரிகளும், அவரையும் சேர்த்து 6 முதல்-மந்திரிகளும் விலகினார்கள். சென்னையில் பக்தவத்சலம் பொறுப்பேற்றார்.

வேண்டாதவர்களை வெளியேற்ற நேரு அந்தத் திட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டார் என்று சொன்னவர்கள் உண்டு. காமராஜர் கோட்டையை விட்டுப் போகாமல் இருந்திருந்தால் 1967-ல் காங்கிரஸ் தமிழ்நாட்டில் தோற்றிருக்காது என்று இன்றும் அங்கலாய்க்கிறவர்கள் உண்டு. அந்தத் தேர்தலில் அவரே விருதுநகரில் தோற்றார். நல்லவிதமாக விலகியவருக்கு லாபம்தான் வரும் என்று உத்தரவாதம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் விலகிய விதத்தைப் பற்றி எதிர்க்கட்சிக்காரரும் குறை சொல்ல முடியவில்லை. பொறுப்பை ஒப்படைத்தார். கணக்கு எதுவும் பாக்கி இல்லை.

பட்டாசு ஆலையில் திரி வெட்டும் பெண்ணையும் முதல்-மந்திரியையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒரு விஷயத்தில் ஒப்பிட முடியாதுதான். அவருக்கு அட்வான்ஸ் பாக்கி இல்லை.

எப்போது விடுவது?

ஆலைத் தொழிலாளிக்குத் தேதி முக்கியம். இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ஆடி மாதத்தில் ஒருவர் வேலையை விடுகிறார். "தீபாவளி வரை இருந்தால்தான் போனஸ்" என்று யாராவது சொல்வார்கள். அது சரியல்ல. 1965-ம் ஆண்டின் போனஸ் சட்டத்தில் இருந்தபடியே, அந்தக் கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே அதற்குரிய போனஸ் உண்டு. புதிய தொகுப்பிலும் அந்த 30 நாள் விதி தொடர்கிறது. இடையில் விலகியவருக்குத் தொகை குறையும், உரிமை போகாது.

கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை விஷயம் இன்னும் நுட்பமானது. 5 ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து ஒரு நாள் சம்பளம் காண்பார்கள். மாதம் 13 ஆயிரம் ரூபாய் வாங்குகிறவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 500. 15 நாளைக்கு 7,500. 10 ஆண்டு வேலை பார்த்திருந்தால் 75 ஆயிரம் ரூபாய். பல வீடுகளில் நிற்கும் அட்வான்ஸ் பாக்கியை அடைத்துவிட இது போதும். உரிமையுள்ள பணத்தைக் கேட்காமல், கடனை மட்டும் நினைத்துப் பயந்து வேலையில் தொடருகிறவர்கள் எத்தனை பேரோ!

ஆனால் பட்டாசு ஆலையில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பீஸ் ரேட். செய்த உருப்படிக்குக் கூலி. அவர்களுக்கு எப்படிக் கணக்கிடுவது? விலகுவதற்கு முந்தைய 3 மாதக் கூலியின் சராசரியை எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். இங்கேதான் தேதி வருகிறது. ஐப்பசி மழையில் வேலை படுத்துவிடும். மருந்து காயாது. அந்த மாதங்களை அடுத்து விலகினால் சராசரி குறையும். தீபாவளிக்கு முந்தைய 3 மாதங்களில் மூச்சுவிட நேரம் இல்லாமல் வேலை இருக்கும். அதை முடித்துக்கொண்டு விலகினால் சராசரி கூடும். 10 வருஷக் கணக்கும் அந்தச் சராசரியில்தான் பெருக்கப்படுகிறது. அது முதலாளிக்கும் வசதி. பருவத்தின் நடுவில் ஆள் போனால் பிடித்த ஆர்டர் நிற்கும். பழைய தொழிலாளிகள் தீபாவளியோடு நிற்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டதில் சட்டம் படிக்காத ஞானம் இருக்கிறது.

"தொடர்ந்து 5 ஆண்டு" என்பதிலும் ஒரு பூதம் காட்டுவார்கள். 2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அதைத் தொடர்ந்து ஆலைகளைச் சில மாதம் பூட்டிவிட்டார்கள். "அப்போதே உன் சர்வீஸ் அறுந்துபோச்சு" என்று சொன்னால் நம்பிவிடக் கூடாது. தொழிலாளியின் குற்றம் இல்லாமல் வேலை நின்ற காலம் சர்வீசை முறிக்காது. சாதாரணமாக ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது முழு ஆண்டாகவே கணக்கு.

இதற்கெல்லாம் வேண்டியது ஒரு துண்டுக் காகிதம். "இந்தத் தேதி முதல் விலகிக்கொள்கிறேன், என் கணக்கை முடித்துத் தரவும்" என்று இரண்டு வரி எழுதி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் போதும். வாயால் சொல்லிவிட்டு வருவது நம் ஊர் வழக்கம். நாலு மாதம் கழித்து, "அவளாகவே வராமல் நின்றுவிட்டாள்" என்று நோட்டில் எழுதியிருப்பார்கள். வருங்கால வைப்பு நிதி எண்ணையும் மறக்கக் கூடாது. ஆலை மாறும்போதெல்லாம் அந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுகிறவர்கள், 10 ஆண்டு சர்வீஸ் சேர்ந்தால் 58 வயதில் வரக்கூடிய பென்ஷனைக் கையால் தள்ளிவிடுகிறார்கள்.

போகிறவர்களும் இருக்கிறவர்களும்

எல்லோரும் விட்டுப் போகத் துடிக்கிறார்கள் என்று எழுதினால் அது பொய். மணி மருந்து உருட்டும் பக்குவம் புத்தகத்தில் வருவதல்ல. எந்த உப்பு பச்சை தரும், எது சிவப்பு தரும், ஈரம் எவ்வளவு இருந்தால் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் கையில் படிந்த அறிவு. எங்கோ ஒரு ஊர்த் திருவிழாவில் வானத்தில் பூ விரிவதைப் பார்த்து, "அது நம்ம ஆலைச் சரக்கு" என்று சொல்லும் போர்மேனுக்கு, அந்த வேலை கூலி மட்டும் அல்ல. அவருக்கு வேண்டியது மாற்று வேலை அல்ல. விதிப்படி நடக்கும் அறையும், பெயர் உள்ள சம்பளச் சீட்டும்தான்.

சிவகாசிக்குத் தொழில் வந்ததே இரண்டு பேர் ஊரை விட்டுப் போனதால்தான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். மறு ஆண்டு திரும்பி வந்து ஆலை போட்டார்கள். பிறகு இருவரும் பிரிந்து, ஒருவர் அணில் மார்க், மற்றவர் காக்கா மார்க் என்று தனித்தனியே தொழில் நடத்தினார்கள். பங்காளிகள் பிரிந்ததால் ஊர் கெட்டுவிடவில்லை. இரண்டு ஆலை இருபது ஆயிற்று.

சில நேரம் மனிதன் வேலையை விடுவதில்லை. வேலை மனிதனை விட்டுவிடுகிறது. பக்கத்துச் சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர் போன ஊர். பந்துமுனைப் பேனா வந்தது. நிப்பு போயிற்று. காராச்சேவு மட்டும் நின்றது. 2018 தீர்ப்புக்குப் பிறகு சரவெடி பின்னிய கைகளும் இப்படித்தான் ஒரே நாளில் வேலை இழந்தன. அவர்களில் யாரும் ராஜினாமா எழுதவில்லை.

பிள்ளைகள் காட்டும் வழி

இந்த ஜில்லாவில் உண்மையான விலகல் ஆலை வாசலில் நடப்பதில்லை. பள்ளிக்கூட வாசலில் நடக்கிறது.

சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த குழந்தைகளைப் பற்றித் தொடங்கிய வழக்கில், 1996 டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20 ஆயிரம் ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். அத்தோடு அந்தக் குழந்தையின் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு சர்க்கார் வேலை தேடித்தர வேண்டும். முடியாவிட்டால் 5 ஆயிரம் ரூபாய் அந்த நிதியில் சேர்க்க வேண்டும். "குழந்தையை அனுப்பாதே" என்று சொன்னதோடு நிற்காமல், அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்றும் கோர்ட்டு கேட்டது. வேலையை விடச் சொல்லும் எல்லோரும் கேட்கவேண்டிய கேள்வி அது.

அன்று ஆலையிலிருந்து பள்ளிக்குப் போன தலைமுறைக்கு இன்று கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2023-ல் பிளஸ் 2 தேர்வில் 97.85 சதவீதம் பேர் தேர்ச்சி பெற்று விருதுநகர் ஜில்லா மாநிலத்தில் முதலிடத்தில் நின்றது. அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேருடைய தாயார் மருந்து வாசனையோடு வீடு திரும்பியவர்கள். படித்த பிள்ளை மருந்து அறைக்குள் போகமாட்டான். ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் இப்போது குறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவன் எங்கே போவான்? கோவை, திருப்பூர், சென்னை, ஓசூர். உள்ளூரிலேயே வேலை வேண்டும் என்றுதான் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா அமைக்க 2023-ல் ஒப்பந்தம் போட்டார்கள். லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்று சர்க்கார் சொன்னது. அங்கே பெண்களுக்கு எத்தனை இடம், பஸ் வசதி உண்டா, 45 வயதுக்காரியை எடுப்பார்களா என்பதைப் பொறுத்துத்தான் பட்டாசு வேனில் கூட்டம் குறையும். இருபது வயதுக்காரனுக்கு ஊர் விட்டு ஊர் போகலாம். மாமியாரையும் ஆட்டுக்குட்டியையும் விட்டுவிட்டு அவன் தாயார் எங்கே போவாள்? பகலில் போய் இரவுக்குள் வீடு திரும்பும் வேலைதான் அவளுக்கு வேலை. பட்டாசு ஆலை அவளை இத்தனை நாள் பிடித்து வைத்ததற்கு அட்வான்ஸ் பாதிக் காரணம் என்றால், வாசலுக்கு வரும் வேன் மறுபாதிக் காரணம்.

முதலாளிகளிலும் விவரமானவர்கள் மாறி வருகிறார்கள். போகிறவரின் கணக்கை முடித்து, கையில் பணத்தைக் கொடுத்து அனுப்பினால், ஆள் தட்டுப்பாடு உள்ள காலத்தில் அவர் தன் தங்கையையோ நாத்தனாரையோ அதே ஆலைக்கு அனுப்பி வைக்கிறார். அழவைத்து அனுப்பிய ஆலையின் பெயர் குழாயடியிலேயே கெட்டுப்போகிறது.

2025-ல் தீபாவளி அக்டோபர் 20-ந் தேதி வந்தது. புதிய சட்டம் நவம்பர் 21-ந் தேதி வந்தது. ஒரு மாத வித்தியாசத்தில் அந்த ஆண்டுக் கணக்கெல்லாம் பழைய முறையிலேயே முடிந்துவிட்டது. 2 நாள் விதி பட்டாசு ஆலைக் கணக்குப்பிள்ளையின் மேஜைக்கு வரும் முதல் தீபாவளி, 2026 நவம்பர் 8-ந் தேதித் தீபாவளி. அதற்குச் சில வாரம் கழித்துப் பூஜை போட்டு ஆலை திறக்கும் நாளில், வழக்கம்போல அட்வான்ஸ் நோட்டும் திறக்கும். அதில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எழுதும் தொகைக்குப் பக்கத்தில், தவணை எத்தனை என்று ஒரு பத்தி சேர்த்து எழுதச் சொல்லும் துணிவு தொழிலாளிக்கு இருக்கிறதா என்பது அன்று காலையில் தெரியும்.